மாமனாருக்கு மடித்த இலை

ஒரு முட்டைக்கோஸ் இலை பிரிந்துவிடாமல் இருக்க அதற்கு ஸ்டேப்ளர் அடித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் உறவினர் வட்டத்தில் இந்த விஷயம் ஏற்கெனவே பல வடிவங்களில் உலவுகிறது. ஒன்றில் நான் கம் போட்டு ஒட்டியதாகக்கூட வருகிறது. கம் போடவில்லை. கம் பாட்டிலைக் கையில் எடுத்தது உண்மை. மூடி இறுகிப்போய்த் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐம்பதைத் தாண்டியவன், நாலு புத்தகம் படித்தவன், அடுத்தவர்களின் அசட்டுத்தனத்தைப் பற்றி வாரப் பத்திரிகையில் எழுதிக் காலத்தை ஓட்டுகிறவன் எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான் என்று சொல்ல வேண்டுமானால், என் மாமனாரின் கால் சுண்டுவிரலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாமனார் எங்களோடு ஸ்ரீவராகத்தில்தான் இருக்கிறார். அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தொட்டுவிட்டார். யாரிடமும் எதையும் வாய்விட்டுக் கேட்கமாட்டார். புழுக்கமாக இருந்தால் ஃபேன் போடச் சொல்லமாட்டார்; “இந்த ஃபேன் ரிப்பேராயிருக்கோ மாப்பிள்ளை?” என்பார். காப்பி நேரம் தாண்டிவிட்டால், “பால்காரன் இன்னிக்கு வரலையாக்கும்” என்று ஜன்னலிடம் சொல்வார். இந்த மொழியை என் மனைவி பிறந்ததிலிருந்து கற்றவள். எனக்கு அவள்தான் மொழிபெயர்ப்பாளர்.

அந்த மொழிபெயர்ப்பாளர், எங்கள் மகளின் பிரசவத்துக்காக புனேக்குப் போய்விட்டாள். அவள் ரயிலேறிய மறுவாரம் மாமனார் என்னிடம் வந்து, “நம்ம ஆத்துல பஞ்சு இருக்கோ மாப்பிள்ளை?” என்றார். இருக்கிறது என்றேன். இருக்கிறதா என்றுதானே கேட்டார். மறுநாள் அவர் நடையில் ஒரு சாய்வு தெரிந்தபோதுதான் குனிந்து பார்த்தேன். வலது கால் சுண்டுவிரலில் செருப்பு உரசிப் புண். விரல் நிறம் மாறியிருந்தது.

டாக்டர் மலையாளி, இளம்பெண். புண்ணைப் பார்த்தார், சர்க்கரை அளவைப் பார்த்தார், பிறகு என்னை, அந்தப் புண்ணை நானே கடித்து வைத்ததுபோல் பார்த்தார்.

“ஷுகர் கொறஞ்ஞில்லெங்கில் இந்த விரல் எடுக்கேண்டி வரும், கேட்டோ. அடுத்த மாசம் நோக்காம்.”

சர்க்கரை குறையாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்பதை ஒரு பல்லை எடுப்பதுபோலச் சொன்னார். மாமனார் அதைக் கேட்டுக்கொண்டு, “செரி டாக்டரே” என்றார். அவர் யாரையும் சங்கடப்படுத்தமாட்டார். மாத்திரை எழுதினார்கள். தினமும் நர்ஸ் வந்து கட்டு மாற்றுவார் என்றார்கள். கடைசியாக டாக்டர் கையைக் குழித்துக் காட்டி, “உச்சைக்கு ஒரு தவி சோறு. அத்றெ மதி” என்றார். மத்தியானம் ஒரு கரண்டி சாதம், அவ்வளவு போதும்.

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் மாமனார் யோசித்துக்கொண்டே வந்தார். விரலைப் பற்றித்தான் கவலைப்படுகிறார் என்று நினைத்து, ஆறுதலாக ஏதாவது சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். வீட்டுத் தெரு திரும்பும்போது கேட்டார்.

“ஒரு கரண்டின்னா எந்தக் கரண்டி மாப்பிள்ளை? சாதக் கரண்டியா, குழம்புக் கரண்டியா?”

“பாத்துக்கலாம் மாமா.”

“டாக்டர் கை சின்னக் கை. அதைப் பாத்துண்டேளோ?”

அந்த நிமிஷத்தில்தான் நான் முடிவு செய்தேன். கரண்டியின் அளவு பற்றி இப்போதே மேல்முறையீடு தொடங்கிவிட்டது. ஒரு கரண்டி இரண்டாகும், இரண்டு, ரசத்துக்குத் தனி, மோருக்குத் தனி என்று கிளை பிரியும். எனவே மத்தியானம் சாதமே கிடையாது. அறவே கிடையாது. இதை அவரிடம் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. இலையைப் பார்த்து அவராகப் புரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி மனைவி போனில் அழுதாள். பெண்ணுக்கு நாள் நெருங்கிவிட்டது, விட்டுவிட்டு வர முடியாது. “நான் இங்கேயிருந்து என்ன பண்ண முடியும் சொல்லுங்கோ. நீங்கதான் பாத்துக்கணும்” என்றாள். அவள் குரலில் நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை. அந்த ஒரு விஷயத்திலாவது நாங்கள் ஒத்துப்போனோம்.

என் கையில் எதுவும் இல்லை என்பதுதான் உண்மை. நர்ஸ் காலையில் வந்து கட்டுப் பிரிக்கும்போது நான் எட்டிப் பார்க்க வருவேன். மாமனார் உடனே வேட்டி நுனியை இழுத்துப் பாதத்தை மூடிக்கொள்வார். ஒரு நாள் நர்ஸ் வரத் தாமதமானது. “நான் கட்டிவிடறேன் மாமா” என்று குனிந்தேன். மனிதர் பதறி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “ஐயையோ, மாப்பிள்ளை! கால்ல கையை வைக்கிறதாவது!”

கல்யாணத்தன்று என்னை மணையில் உட்கார வைத்து, தாம்பாளத்தில் என் கால்களை வைத்து, பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவியவர் அவர். அப்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. கால் நகத்தை வெட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்றும் தோன்றியது. அந்த வரிசை இத்தனை வருஷம் கழித்தும் மாறவில்லை. அவர் என் காலைத் தொடலாம். நான் அவர் காலைத் தொடக் கூடாது. அவர் விரல் அழுகுகிறதா ஆறுகிறதா என்று நர்ஸின் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். நர்ஸ் முகமோ எப்போதும் ஒரே மாதிரி இருந்தது.

புண்ணுக்கு ஒன்றும் செய்ய முடியாதவன் சாப்பாட்டின்மீது பாய்ந்தேன்.

சப்பாத்தியைச் சொல்லிப் பார்த்தேன். “சப்பாத்தி ராத்திரிக்கானதாக்கும்” என்று முடித்துவிட்டார். அப்போதுதான் செல்போனில் அந்தக் காணொளி கண்ணில் பட்டது. ஒல்லியான ஒரு பெண், வெளிநாட்டுச் சப்பாத்தி ஒன்றில் காய்கறிகளை வைத்துச் சுருட்டுவதற்குப் பதிலாக, அகலமான ஒரு பச்சை இலையில் வைத்துச் சுருட்டினாள். கேரட், வெள்ளரிக்காய், முளைகட்டிய பயறு, மேலே வேர்க்கடலைச் சட்னி. இரண்டு பக்கமும் மடித்தாள், உருட்டினாள், குறுக்காக வெட்டினாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்த நகைபோல் இருந்தது. மாவு கிடையாது, சாதம் கிடையாது. இலையே உறை, இலையே உணவு. ராப் என்று அதற்குப் பெயர். விரலைக் காப்பாற்றும் வழி கிடைத்துவிட்டது என்று சட்டென்று எழுந்து நின்றேன். எழுந்து நின்று என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் கையில் இருந்த இலை நம் ஊர் இலை இல்லை. சூப்பர்மார்க்கெட்டில் கிடைத்த லெட்யூஸ், வீடு வந்து சேர்வதற்குள் நனைந்த கைக்குட்டையாகிவிட்டது. கீரைக்கட்டில் இருந்த இலைகள் ஆளுக்கு ஒரு பயறு தூக்கும் அளவுக்குத்தான் இருந்தன. கொல்லையில் சேம்பு, யானைக் காதுபோல் விரிந்து நின்றது. அதைப் பறித்து, காணொளியில் சொன்னபடி கொதிநீரில் ஒரு முக்கு முக்கிச் சுருட்டி, முதலில் நானே தின்று பார்த்தேன். எதையும் என்மேல் சோதித்துவிட்டுத்தான் அவருக்குத் தருவது என்று வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் முழுவதும், தொண்டைக்குள் யாரோ கம்பளிச் சட்டையோடு நடமாடுவதுபோல் இருந்தது. புளித்த மோரை வாயில் வைத்துக்கொண்டு முற்றத்தில் அண்ணாந்து நின்றேன். மாமனார் என்னைக் கடந்து போகும்போது, “சேம்பு நன்னா விளைஞ்சிருக்கு இல்லையா” என்றார்.

கடைசியில் முட்டைக்கோஸ்தான் என்று முடிவாயிற்று. ஆனால் கடையில் விற்கிற முட்டைக்கோஸை உரித்தால் இலை சிறியது, கிண்ணம்போல் வளைந்தது. அகலமான வெளி இலைகளைக் கடைக்காரர்கள் முதலிலேயே உரித்துக் கீழே போட்டுவிடுகிறார்கள். சாலைச் சந்தையில், காய் விற்கும் ஓர் அம்மாவின் காலடியில் அந்த இலைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு.

“இந்த இலை கிடைக்குமா?”

“எடுத்துக்கிடுங்க சாரே. ஆட்டுக்கா?”

“இல்ல. மாமனாருக்கு.”

அந்த அம்மா பக்கத்துக் கடையைப் பார்த்தார். பக்கத்துக் கடை எதிர்க் கடையைப் பார்த்தது. “வீட்ல அக்கா ஊருக்குப் போயிருக்காவளோ?” என்று என்னிடம் கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். “சும்மா ஒரு தோணல்” என்று நல்ல இலைகளாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். அடுத்த முறை போனபோது தூரத்திலேயே குரல் வந்தது: “ஏ பிள்ளே, மாமனாரு எலைய மாத்தி வையி, ஆட்டுக்காரர் எடுத்துறப் போறாரு!”

முதல் நாள். இலையின் நடு நரம்பைச் சீவி, வெந்நீரில் போட்டு எடுத்து, பாசிப்பயறு, கேரட், வெள்ளரிக்காய், கொஞ்சம் தேங்காய்த் துருவல், எலுமிச்சைச்சாறு எல்லாம் கலந்து உள்ளே வைத்துச் சுருட்டினேன். சமையலறை மேடையிலிருந்து சாப்பாட்டு மேஜைக்குப் போகும் வழியில் சுருள்கள் ஒவ்வொன்றாக மூச்சுவிட்டுத் திறந்துகொண்டன. அந்த நேரம் பார்த்து மனைவி வீடியோவில் வந்தாள். தட்டைக் காட்டினேன்.

“என்னன்னா இது? கறி கொட்டிப் போச்சா?”

“இது ராப்.”

“அப்பா பாவம்” என்றாள். நான் ஒரு வாரமாகப் பட்ட பாட்டுக்குக் கிடைத்த விமர்சனம் இதுதான்.

மறுபடி மடித்து மேஜையில் வைத்தேன். எங்கள் வீட்டில் மாமனார் சாப்பிடுவது கொல்லை வாழையிலையில். உட்கார்ந்ததும் உள்ளங்கைத் தண்ணீரால் இலையைச் சுற்றி, ஒரு முணுமுணுப்பு. அதற்குப் பிறகு சாப்பிட்டு முடித்து எழும்வரை பேசமாட்டார். தமிழில் மட்டும் இல்லை, எந்த மொழியிலும். பாதியில் எழுந்திருக்கவும் மாட்டார். எழுந்தால் சாப்பாடு முடிந்தது. அன்று எவர்சில்வர் தட்டைச் சுற்றித் தண்ணீர் விட்டார். பிறகு தட்டில் கிடந்த மூன்று பொட்டலங்களையும் மரியாதையாகப் பார்த்தார்.

“கையில எடுத்து அப்படியே கடிச்சுச் சாப்பிடணும் மாமா” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்து நான் பார்த்ததில்லை. கொய்யாப்பழத்தைக்கூட நறுக்கித்தான் தின்பார். ஒன்றைக் கடித்துவிட்டு, கடித்த மிச்சத்தைக் கீழே வைத்து, மறுபடி எடுத்துக் கடிப்பதென்றால் அது எச்சில். அதுவும் மாப்பிள்ளையின் முன்னால். அவர் கை தட்டின் மேல் அந்தரத்தில் நின்றது. அவருக்குத் தனிமை கொடுப்போம் என்று நாகரிகமாக உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது தட்டு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அவர் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

தின்றுவிட்டார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மனிதர்கள் வாழ்க்கையில் ஒரு திருப்புமுனை வரும் என்று படித்திருக்கிறேன். அது கோஸ் இலையில் வரும் என்று எதிலும் படித்ததில்லை.

மறுநாள்தான் ஸ்டேப்ளர். காரணம் சுத்தமான அகம்பாவம். “கறி கொட்டிப் போச்சா” என்று கேட்டவளுக்கு, கட்டுக்கோப்பான ஒரு சுருளைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பல்குத்தும் குச்சி வீட்டில் இல்லை. நூலால் கட்டினால் கயிற்றுக்கட்டில் மாதிரி இருந்தது. துணி கிளிப் போட்டுப் பார்த்தேன், கொடியில் காயும் துணிபோல் இருந்தது. பிறகு என் எழுத்து மேஜைக்குப் போனேன். படம் எடுப்பது, பின்னைக் கழற்றுவது, பரிமாறுவது என்பது திட்டம். ஒவ்வொரு சுருளின் வயிற்றிலும் ஒரு பின் அடித்தேன். கச்சிதம். மாமனார் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. தட்டை மேஜைமேல் வைத்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போதே செல்போன் அடித்தது. மனைவி. மகளுக்கு வலி கண்டுவிட்டது, உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

நான் வாசலுக்குப் போனேன். வாசலிலிருந்து தெருமுனைவரை நடந்தேன், திரும்பினேன். அங்கே ஒரு பெண் உள்ளே இருக்கிறாள், இங்கே ஒரு விரல் போகவா இருக்கவா என்று நிற்கிறது, நடுவில் நான் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நடக்கிறேன். ஓர் ஆண்பிள்ளையால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது. மறுபடி போன் வந்தது. பெண் குழந்தை. இருவரும் சுகம்.

கொள்ளுத்தாத்தாவிடம் சொல்ல ஓடிவந்தேன். சாப்பாட்டு மேஜையில் தட்டு காலி. துடைத்து வைத்ததுபோல் காலி.

“மாமா! பெண் குழந்தை… பின்னு!” என்று கத்தினேன்.

கொல்லைப் பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. “க்ஷேமமா இருக்காளோல்லியோ ரெண்டு பேரும்?”

“க்ஷேமம் மாமா. சாப்ட்டாச்சா?”

“ஆச்சு, ஆச்சு. மகாலட்சுமி வந்திருக்கா.”

“எல்லாத்தையும் சாப்ட்டேளா?”

“கறி நன்னா இருந்தது. உப்புதான் ஒரு துளி…”

“மாமா, அந்த இலை. சுத்தி வெச்சிருந்த இலை. அதைச் சாப்ட்டேளா?”

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

“இலையையா?”

“இலையைத்தான்.”

“இலையை யாராவது சாப்பிடுவாளா மாப்பிள்ளை?” என்று மெதுவாகக் கேட்டார். பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்து, எனக்காகக் கொஞ்சம் இறங்கி வந்தார். “நேத்திக்கு முதல்ல பாத்தப்போ எனக்கும் ஒண்ணும் புரியலை. மடிச்ச இலையா இருந்ததா, யாரோ சாப்ட்டுட்டுப் போன இலை, எடுக்க மறந்துட்டேளோன்னு ஒரு க்ஷணம் தோணிப்போச்சு. அப்புறம், பொதிச்சோறு மாதிரி இலையில கட்டி வெச்சிருக்குன்னு புரிஞ்சுண்டேன். பிரிச்சு வெச்சுண்டு சாப்ட்டேன். சாப்ட்டு, மடிச்சு, கொல்லைத் தொட்டியில போட்டேன்.”

மடித்த இலை! கல்யாணமாகி இத்தனை வருஷம், எத்தனை பந்தி, எத்தனை இலை. சாப்பிட்டு முடித்தவன் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்திருப்பான். மடித்த இலை என்றால் குப்பைக்குப் போகிற இலை. இது எங்கள் தெருவில் நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் என் மாமனாரை உட்கார வைத்து, மூன்று எச்சிலிலைகளைத் தட்டில் அடுக்கிப் பரிமாறியிருக்கிறேன், இரண்டு நாளாக. அவர் அதைச் சுற்றித் தண்ணீர் விட்டு மந்திரம் சொல்லியிருக்கிறார்.

“அப்ப பின்னு?” என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே பின்கள். வளைந்த கால்களை நிமிர்த்தி வைத்திருந்தார். “ஆபீஸ்ல இருந்தப்போ பின்னை எடுக்காம ஒரு காகிதத்தைப் பிரிச்சதில்லையாக்கும். இந்தாங்கோ” என்று என் உள்ளங்கையில் வைத்தார். அந்தக் கையால் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன், விடமாட்டாரே.

அதற்குப் பிறகு நான் எதையும் சுருட்டவில்லை. உலகமெங்கும் சுருட்டப்படுகிற ஒரு பண்டத்தைப் பிரித்து வைத்துப் பரிமாறியவன் நானாகத்தான் இருப்பேன். தட்டில் அகலமான கோஸ் இலையை விரிப்பேன். அதன்மேல் அன்றைய காய்க் கலவை. பக்கத்தில் ஒரு டம்ளர் நீர்மோர். இலையை அவர் தின்னவில்லை என்றாலும் காய் உள்ளே போகிறது, சாதம் போகவில்லை. டாக்டர் சொன்னதைவிட ஒரு படி மேலே. தினமும் மத்தியானம் பரிமாறிவிட்டு, அவர் கூச்சப்படக் கூடாது என்று உள்ளே போய்விடுவேன்.

உள்ளே போய் என்ன செய்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கலவையில் ஒரு பிடி நானும் தின்பேன், தோழமைக்காக. பிறகு குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு தயிர்சாதம், கடுமாங்காய் ஊறுகாய். எனக்கென்று ஒரு பிடி அரிசி குக்கரில் தனியாக வைத்துவிடுவேன். சர்க்கரை அவருக்குத்தானே.

அவர் அனுபவித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார் என்பதற்கு எனக்கு ஓர் அத்தாட்சியும் கிடைத்தது. கறி தீர்ந்த பிறகும் உடனே எழமாட்டார். இலையின் முன்னால் கையை மடித்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். ருசியை நினைத்துப் பார்க்கிறார் என்று எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. ஒரு நாள் சமையலறை வாசல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவரும் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சந்தித்தன. நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தலையாட்டிவிட்டு இலையை மடித்தார்.

வேறொரு நாள், சாயங்காலம் தின்பண்டம் எதுவும் கேட்காமல் (கேட்கவா போகிறார்) செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர், “நம்ம குக்கர் சரியா வேலை செய்யறதோல்லியோ மாப்பிள்ளை?” என்றார்.

“நன்னா வேலை செய்யறது மாமா.”

“அப்ப சரி” என்றார்.

விரல் என்ன ஆகிறது என்று மட்டும் தெரியவில்லை. நர்ஸிடம் தனியாகக் கேட்டால், “டாக்டர் பறயும் சாரே” என்பார். ராத்திரி படுத்தால் அந்த விரல்தான் கண்ணில் நிற்கும். அவர் தினமும் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர். புண் வந்த நாளாகப் போகவில்லை. போக வேண்டும் என்று சொல்லவும் இல்லை. “இப்பல்லாம் பிள்ளையாருக்குக் கூட்டம் ஜாஸ்தியோ என்னவோ” என்று ஒரு தடவை சொன்னார். அந்தச் சின்ன விரல் போய்விட்டால் நடை போகும். நடை போனால் அந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஜன்னல் இருக்கும். பால்காரனைப் பற்றி அதனிடம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் காயை நறுக்கினேன். இலை வாங்கினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டரிடம் போகும் நாள் வந்தது. இந்த முறை கட்டை டாக்டரே பிரித்தார். எனக்குப் பார்க்க தைரியம் இல்லாமல், சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தில் சுண்டுவிரல் எலும்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆஹா, நல்லோணம் உணங்ஙியல்லோ!” என்றார் டாக்டர். ஆறிவிட்டது. சர்க்கரையும் இறங்கியிருந்தது. விரலை எடுக்க வேண்டாம். மாமனார், “செரி டாக்டரே” என்றார், போன முறை சொன்ன அதே குரலில். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

“எந்தாணு சாப்பாடு கொடுத்தது?” என்று என்னைப் பார்த்து எனக்காகப் பாதித் தமிழில் கேட்டார். வாழ்க்கையில் ஒரு தடவைதான் இப்படிக் கேட்பார்கள். இலையைப் பற்றி, நடு நரம்பைப் பற்றி, பயற்றைப் பற்றி விரிவாகச் சொன்னேன். ஸ்டேப்ளரை விட்டுவிட்டேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ சோறே இல்லே? அது வேண்டா. மாத்திரை இருக்குதில்லே, தலை சுத்தும். ஒரு தவி கொடுக்கணும்” என்றார். கொடுக்கிறேன் என்று தலையாட்டினேன். மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வரும் வழியில் ஆட்டோவைப் பழவங்காடியில் நிறுத்தச் சொன்னேன். அவர் கேட்கவில்லை; அந்த மொழி எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டது என்று பெருமையாக இருந்தது. அவர் வேண்டிக்கொண்ட தேங்காயை அவருக்காக நான் உடைத்தேன். முதல் தடவை காய் உடையாமல் எகிறி ஓரமாக உருண்டது. பின்னால் நின்ற ஒருவர் எடுத்துக் கொடுத்து, “ஒந்நு கூடி சாரே” என்றார். இரண்டாவது தடவை உடைந்தது. மாமனார் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். நன்றியில் பெரும்பங்கு பிள்ளையாருக்குப் போகிறது என்று தெரிந்தது. எனக்கும் ஒரு ஓரத்தில் கொஞ்சம் ஒதுக்கியிருப்பார் என்று வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மனைவி போனில் அழைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கொஞ்சம் சொற்பொழிவுபோல் கேட்டது. “நிஜமாவா! நீங்களா!” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். ஸ்பீக்கரை அணைக்காமலே கொடுத்துவிட்டு அடுத்த அறைக்கு வந்தேன்.

“அப்பா, அவர் டயட்தான் காலைக் காப்பாத்தித்தாமே?”

மாமனார் பழைய போன் பழக்கத்தில் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, எனக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில், குரலைத் தாழ்த்தினார்.

“டயட்டெல்லாம் ஒண்ணும் இல்லேம்மா. உள்ளே குக்கர் விசில் அடிக்கும். சரி, டாக்டர் சொன்ன அந்த ஒரு கரண்டி வரதுன்னு இலை முன்னாடி உக்காந்திருப்பேன். மனுஷர் மறந்துபோயிடுவார். அப்புறம் மடிச்சுட்டு எழுந்திருப்பேன். நீ இதை ஒண்ணும் கேட்டு வைக்காதே, சங்கடப்படுவார். பாவம், எழுதறவாளுக்கு ஞாபகம் கம்மி.”